கேட்டால் சொல்லுவார்

லாங் ஐலண்டில் வந்து இறங்குகிறவர்கள் அக்காவிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இங்க பார்க்க என்ன இருக்கு?"

அக்கா உடனே பதில் சொல்ல மாட்டார். கேள்வியை மதித்து, கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, யோசிப்பார். பிறகு, "பெருசா ஒண்ணும் இல்ல. கடல் இருக்கு, காடு இருக்கு. அந்தப் பக்கம் ஒரு மணல்கரை இருக்கு, நல்லா இருக்கும், ஆனா போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்" என்பார்.

அப்படி வந்து இறங்கியவர்களில் பாதிப் பேரை அனுப்பி வைத்தவன் நான்தான்.

போர்ட் பிளேரில், அபர்டீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து இறங்கும் சரிவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சின்னதாக டிராவல்ஸ் வைத்திருந்தேன். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். நான் இருந்த காலத்துப் பெயரையே எழுதுகிறேன். ஹேவ்லாக், நீல் என்று எல்லோரும் போகும் தீவுகளைப் பெரிய ஏஜென்சிகள் பிடித்து வைத்திருந்தன. அவர்களோடு மோத முடியாத என்னைப் போன்றவர்கள், அவர்கள் எட்டிப் பார்க்காத இடங்களாகத் தேடினோம். எனக்கு லாங் ஐலண்ட் அமைந்தது.

நடு அந்தமானை ஒட்டிய தீவு அது. கார் கிடையாது, ஆட்டோ கிடையாது. படகுத் துறையில், அங்கே ஜெட்டி என்பார்கள், இறங்கினால் ஒரு சிமெண்டுப் பாதை, அதில் சில மோட்டார் சைக்கிள்கள், மற்றபடி நடைதான். ஒரு காலத்தில் பிளைவுட் மில் ஓடியபோது யானைகள் மரம் இழுத்த இடம். மில்லில் வேலை செய்ய வங்காளிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளும் நம் ஆட்களும் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். மில் மூடியதும் பாதிப் பேர் போர்ட் பிளேருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் பாக்கும் தென்னையும் மீனுமாகப் பிழைத்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் ஹேவ்லாக் ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போனார்கள்.

அக்காவின் கணவர் மில்லில் லோடிங் வேலை பார்த்தவர். நான் அங்கே போக ஆரம்பித்தபோது அவர் இல்லை, மஞ்சள் காமாலையில் இறந்துபோயிருந்தார். ஒரே மகன் சதீஷ், ஹேவ்லாக்கில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவனாக இருந்தான். அக்கா வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளைத் தடுத்து, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, சமைத்தும் போட்டார். தீவில் எல்லோருக்கும் அவர் 'சதீஷ் கி மா', இந்தியில் சதீஷின் அம்மா. தமிழர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே அதை எழுதப்போவதில்லை.

முதல் தடவை போனபோது, வெளியிடுவதற்காக நான் தயாரித்த விளம்பரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொல்லச் சொன்னார். மனிதக் காலடி படாத சொர்க்கம், அமைதியின் மடி, ஸ்படிகம் போன்ற நீர் என்று நான் சொல்லச் சொல்ல, சூரை மீனை அறுத்துக்கொண்டே கேட்டார்.

"அமைதின்னு போட்டிருக்கீகளே, பவர் ஹவுஸ் இன்ஜின் சத்தம் கேக்கும்னு போட்டீகளா?"

"அது எல்லா ஊர்லயும் இருக்கிறதுதானேக்கா."

"சரி. மணல் ஈ எங்க போட்டிருக்கீக?"

"அதெல்லாம் விளம்பரத்துல போட மாட்டாங்கக்கா."

"நீங்க போடாம விட்டுருவீக. கடிச்சா எங்கிட்டல்ல வந்து சொறியிறாக."

அந்த மணல் ஈ கண்ணுக்குத் தெரியாது. கடித்த இடம் ஒரு வாரத்துக்கு அரிக்கும். நான் விளம்பரத்தில் போடவில்லை. அக்கா தன் கடமையாக, அதைப் பற்றிக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடம் சொல்லவில்லை. இதை நான் கவனிக்கக் கொஞ்ச நாளாயிற்று. தானாகப் போய் அவர் யாரையும் எச்சரித்ததில்லை, எதையும் குறை சொன்னதில்லை. வாயைத் திறந்து கேட்டால் மட்டும், உள்ளது உள்ளபடி வரும். கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ சொல்ல அவருக்குத் தெரியவில்லை என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அதெல்லாம் தெரியும். செய்ய மாட்டார், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியை அனுப்பினேன். லாலாஜி பே மணல்கரைக்குக் காட்டு வழியாக நடந்து போகலாமா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"போகலாம்மா. நேத்து மழை பெஞ்சிருக்கு, அட்டை இருக்கும். நீ போயிருவ. அவரு பாதி வழியில கோவிச்சுக்குவாரு."

அந்த ஆள் அங்கேயே கோபித்துக்கொண்டார். பெண் சிரித்துவிட்டாள். அதனால் இன்னும் கோபித்துக்கொண்டு மறுநாள் காலைப் போட்டிலேயே திரும்பி, என் மாடிக்கு வந்து சண்டை போட்டார். நான் அக்காவுக்கு போன் செய்தேன்.

"அந்தாளு கோவிச்சுக்குவாருன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஜெட்டியில இருந்து இங்க வரதுக்குள்ள ரெண்டு தடவை கோவிச்சாரே, தம்பி. நான் பார்த்துக்கிட்டுத்தான வந்தேன்."

சாப்பாட்டிலும் இப்படித்தான். யாராவது தட்டில் கை வைத்துக்கொண்டு, "குழம்பு பிரமாதம்மா" என்றால் சும்மா இருப்பார். "இதுதான் உங்க ஸ்பெஷலா?" என்று கேட்டுவிட்டால், "இல்ல, இன்னைக்குப் புளி தூக்கல். நேத்து வச்சதுதான் நல்லா இருந்துச்சு" என்பார். நேற்று வராதவர் என்ன செய்வது?

ஆனாலும் அவரிடம் வந்தவர்களில் சிலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். பறவை பார்க்க வரும் ஒரு பெங்களூர்க்காரர் வருஷா வருஷம் வந்து வாரக்கணக்கில் தங்குவார். அவர் ஒருநாள் அக்காவிடம், உங்களுக்கு இந்தத் தீவு பிடித்திருக்கிறதா என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா வழக்கம்போல் யோசித்தார்.

"காலையில பிடிக்கும். சாயந்திரம் அவ்வளவா பிடிக்காது. போட் வராத அன்னைக்குச் சுத்தமாப் பிடிக்காது."

இதையெல்லாம் கேட்டால் சிரிப்பாக இருக்கும். எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. மூன்று வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்கள் பெண்ணைப் பார்க்க டிக்லிபூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தங்க வேறு இடமில்லாமல் அக்கா வீட்டு அறையில்தான் தங்கினார்கள். பெண் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார். நல்ல பெண், நன்றாகச் சமைக்கும், பொறுமைசாலி என்று அக்கா சொல்லியிருக்கிறார். எல்லாம் உண்மைதான். அந்த அம்மா அத்தோடு விட்டிருக்கலாம். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டார்.

"எடது காது கேக்காது. சின்னதுல காய்ச்சல் வந்து போயிருச்சு."

சம்பந்தம் நின்றுபோயிற்று. பெண்ணின் அம்மா அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி ஏசிவிட்டுப் போனார்.  அடுத்த தடவை நான் போனபோது, எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது.

"ஏங்க்கா, அவங்களே கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருக்க மாட்டாங்களா? நீங்க ஏன் சொன்னீங்க?"

"சொல்லியிருக்கலாம். சொல்லாமயும் இருந்திருக்கலாம். அந்தம்மா எங்கிட்டல்ல கேட்டுச்சு."

"உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?"

"இருக்கு தம்பி. அந்தப் புள்ள மூஞ்சியப் பார்க்க முடியல. எதுக்க வந்தா நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறேன்."

"திரும்ப ஒரு வீட்டுக்காரங்க வந்து கேட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லத்தான் செய்வேன்" என்றார்.

அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தில் கொஞ்சம் பயமும் சேர்ந்தது. இப்படிப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று சதீஷை நினைத்துப் பார்த்தேன்.

தன் கல்யாணத்தைப் பற்றி அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினார், அதுவும் நான் கேட்டதால். முதுகுளத்தூர்ப் பக்கம் அவர் ஊர். மாப்பிள்ளைக்கு அந்தமானில் மில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, சம்பளம் தவறாது என்றெல்லாம் தரகர் சொன்னாராம். கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து, போர்ட் பிளேரைப் பார்த்ததும் இதுதான் ஊர் என்று நிம்மதியாகிவிட்டார். அங்கிருந்து இன்னொரு போட்டில் ஏற்றினார்கள். லாங் ஐலண்டில் வந்து இறங்கினால் ஜெட்டியில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது.

"பொய் சொல்லிட்டாங்களாக்கா?"

"யாரும் பொய் சொல்லல தம்பி. குவார்ட்டர்ஸ் இருந்துச்சு. சம்பளம் வந்துச்சு. யாரும் முழுசாச் சொல்லல, அவ்வளவுதான். நானும் சரியாக் கேக்கல. அங்க கோயில் இருக்கான்னு மட்டும்தான் கேட்டேன்."

அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவப் போய்விட்டார்.

ரிசார்ட் விஷயம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. மெயின்லேண்டிலிருந்து ஒரு கம்பெனி, கூட்டமில்லாத தீவாகத் தேடிக்கொண்டிருந்தது. மரத்தால் கட்டிய குடில்கள், உள்ளூர் ஆட்களுக்கு வேலை, தனிப் போட் என்று பெரிய திட்டம். லாங் ஐலண்டை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அது நடந்தால் இந்தப் பக்கத்து புக்கிங் முழுவதும் என் வழியாகவே தருவதாகச் சொன்னார்கள். நான் ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்து தரைத்தளத்தில் ஒரு கடைக்கு இறங்குவதாகக் கனவு காண ஆரம்பித்தேன்.

தீவு முழுக்க அதே பேச்சாக இருந்தது. மில் மூடின பிறகு அங்கே யாரும் எதையும் திறக்கவில்லை. ஹேவ்லாக்கில் ஊரார் தட்டைக் கழுவும் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்வரலாம். டிங்கி என்கிற சின்னப் படகு வைத்திருந்த பிமல் தாதா, அதாவது பிமல் அண்ணன், வங்காளி, தீவில் எல்லோரும் மதிக்கிற ஆள், இரண்டாவது டிங்கிக்கு மரம் பார்க்கத் தொடங்கிவிட்டார். சதீஷ் லீவு போட்டு வந்தான். ரெஸ்டாரென்ட் கேப்டன் வேலை தருவதாகக் கம்பெனி ஆள் போனில் சொல்லியிருந்தாராம். அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, டைனிங் ஹால் ஜெட்டிப் பக்கமா வச்சா நல்லாருக்கும். சன்ரைஸ் டைரெக்ட்டாத் தெரியும். மத்லப், அதாவது கெஸ்ட்டு காபி குடிச்சுக்கிட்டே பார்க்கலாம்." வெறும் தரையில் கையால் கோடு போட்டு, எங்கெங்கே மேசை வரும் என்று காட்டினான். அக்கா திண்பண்டம் ஏதோ வறுத்துக்கொண்டு, அவன் கோடு போடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சிக்கல் தண்ணீர். மழைக்காலம் முடிந்து அப்போதுதான் தை பிறந்திருந்தது. கிணறுகளெல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் நிறைந்திருந்தன. இன்னும் ஒன்றிரண்டு மாதம் போனால் நிலைமை வேறு. அதைத் தீவில் எல்லோரும் அறிவார்கள். பிமல் தாதா வீடு வீடாகப் போய், வருகிறவர்களிடம் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கம்பெனி வந்தால் அவர்களே பெரிய தொட்டி கட்டுவார்கள், குழாய் போடுவார்கள், ஊருக்கும் தண்ணீர் வரும் என்பது அவர் கணக்கு. அது நடந்திருக்கவும் கூடும். அக்கா வீட்டுக்கும் வந்தார்.

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன் தாதா" என்றார் அக்கா, அவருக்குத் தெரிந்த இந்தியில்.

தாதா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நான்தான் அதைக் கேட்டு நெளிந்தேன். 

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு இளம் இன்ஜினியர், திருச்சிப் பெண். மரியாதையான பெண். இரண்டு நாள் சுற்றினாள். கிணறு கிணறாக எட்டிப் பார்த்தாள், எல்லோரையும் விசாரித்தாள், எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கிளம்புகிற நாள் காலை, அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவினாள். சதீஷ் துண்டை எடுத்துக் கொடுத்தான். வேலை முடிந்த நிம்மதியில், சும்மா பேச்சுக்காகத்தான் அவள் கேட்டாள்.

"கிணறு நல்லா ஊறுதே அக்கா. கோடையிலயும் இப்படித்தானா?"

அக்கா இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது. சதீஷ் அம்மாவைப் பார்த்தான். நான் சதீஷைப் பார்த்தேன். பக்கத்து வேலியோரம் நின்றிருந்த பிமல் தாதாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவருக்கும் என்னவோ புரிந்து பேச்சை நிறுத்தினார்.

"இல்லம்மா" என்றார் அக்கா. "மாசியில அடி தெரியும். பங்குனியில உப்புக் கரிக்கும். அப்புறம் மழை வர்ற வரைக்கும் குழாய்த் தண்ணிதான், அதுவும் தெனமும் வராது."

அந்தப் பெண் துண்டைச் சதீஷிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "தேங்க்ஸ் அக்கா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தாள், நான் பின்னாலேயே போனேன். போகும்போது என் முதுகுக்குப் பின்னால் சதீஷின் குரல் கேட்டது.

"நான் ஊருக்கு வர்றது உனக்குப் பிடிக்கலன்னு சொல்லிரு."

"பிடிக்கும்டா."

"அப்புறம் ஏன்?"

"அந்தப் புள்ள கேட்டுச்சு."

"கேட்டா? தெரியாதுன்னு சொல்ல வாய் வராதா உனக்கு?"

"தெரியுமேடா."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு அதே போட்டில் ஏறினான். இன்னும் லீவு பாக்கி இருந்தது. போகிற வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கம்பெனி வரவில்லை. வேறொரு தீவுக்குப் போய்விட்டார்கள். "சதீஷ் கி மா ரிசார்ட்டை விரட்டிவிட்டாள்" என்று தீவில் இந்தியில் ஒரு பேச்சு உண்டாகி, அது அப்படியே தங்கிவிட்டது. பிமல் தாதா அக்கா வீட்டு விருந்தாளிகளை டிங்கியில் ஏற்றுவதில்லை என்று ஆனது. மீன்காரர்கள் அக்கா வாசலில் நிற்காமல் போனார்கள். அவரே ஜெட்டிக்குப் போய் மீன் வாங்கி வந்தார்.

அந்த இன்ஜினியர் பெண்ணை ஒரு தடவை போனில் பிடித்து விசாரித்தேன். தண்ணீர் ஒரு காரணம், நிலப் பத்திரம் ஒன்று, போட் நம்பகமில்லாதது ஒன்று என்று அடுக்கினாள். தண்ணீர் மட்டும் என்றால் சமாளித்திருப்போம் என்றும் சொன்னாள். அக்காவுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, மெனக்கெட்டுப் போய்ச் சொன்னேன்.

"உங்களால இல்லக்கா. அவங்களுக்கு நெறையக் காரணம்."

"அதுல இதுவும் ஒண்ணா?"

கொஞ்சம் தயங்கினேன். "ஒண்ணுதான்."

"ம்" என்றார். அப்புறம் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். மகன் வந்து கூட இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசையே இல்லையா என்று.

"இல்லாம? முந்தின நாள் அவன் தரையில கோடு போட்டான்ல, மேசை இங்க, நாற்காலி இங்கன்னு. நானும் மனசுக்குள்ள போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். விடியற வரைக்கும் போட்டேன். காலையில அந்தப் புள்ள கேட்டுருச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. சதீஷ் அந்த வருஷம் தீபாவளிக்கும் வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. பணம் மட்டும் வந்தது.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, அக்காவின் காலில் கடற்கரைக் கல் கிழித்தது. சர்க்கரை இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. புண்ணில் மஞ்சள் வைத்துக்கொண்டு அதோடே சமைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் வந்து விழுந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் கவனித்தார்கள். பிமல் தாதா தன் டிங்கியில் போட்டுக் கரை சேர்த்து, அங்கிருந்து வண்டி பிடித்து, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

நான் போனபோது பாதம் கறுத்திருந்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அக்கா படுத்திருந்தார். வார்டில் எல்லோரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான் அம்மா என்றாள் நர்ஸ். எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் டாக்டர். பக்கத்துக் கட்டில்காரர்களும் அதையே சொன்னார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தாமதித்தால் இன்னும் மேலே போகும், அம்மாவைப் பயமுறுத்தாமல் சம்மதிக்க வையுங்கள் என்றார்.

உள்ளே போனேன். அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"என்ன தம்பி சொல்றாக?"

"ஒண்ணும் இல்லக்கா. டாக்டர் நல்லவர். அவர் பார்த்துக்குவாரு."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னிடம் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் சதீஷ் ஹேவ்லாக்கிலிருந்து வந்தான். ஹோட்டல் யூனிஃபார்மோடேயே வந்திருந்தான். டாக்டரிடம் பேசினான். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ரிசார்ட்டுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அன்றைக்குத்தான். நர்ஸ் அவனுக்குக் கண் ஜாடை காட்டினாள். அக்கா அவனைப் பார்த்துக் கேட்டார்.

"வெரலையா, பாதத்தையா?"

 "முழங்காலுக்குக் கீழம்மா. எல்லாத்தையும்."

நர்ஸ் அவனை முறைத்தாள். அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"எடுக்காட்டி?"

"செத்துப்போயிருவ."

"எடுத்தா நடக்கலாமா?"

"கட்டைக்கால் வச்சு நடக்கலாமாம். உடனே இல்ல. நாளாகும். நம்ம ஜெட்டிப் படியில ஒன்னால ஏற முடியாது, தூக்கித்தான் ஏத்தணும்."

"அடுப்படியில நிக்கலாமா?"

"தெரியலம்மா."

"தெரியலையா, சொல்ல மாட்டேங்கிறியா?"

"நெஜமாவே தெரியல" என்றான். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, குரல் மட்டும் உடையாமல் இருந்தது. "டாக்டருக்கும் தெரியலையாம். கேட்டேன்."

அக்கா கையை நீட்டி அவன் யூனிஃபார்ம் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு, "பேனாவைக் குடுக்கச் சொல்லு" என்றார்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், மகனைச் சாப்பிட அழைத்துப் போகும்படி என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சதீஷ் ஒன்றைப் பிய்த்து, அதை வாயில் வைக்காமல் கேட்டான்.

"எல்லாரும் என்னைத் திட்டுறாங்கண்ணே. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்களேப்பா" என்றேன்.

"அம்மா கேட்டுச்சு. என்ன பண்றது?" என்றான். அப்புறம் அவன் சாப்பிட்டான்.

கால் போயிற்று, உயிர் தங்கியது. ஹேவ்லாக் வேலையை விட்டுவிட்டு சதீஷ் அம்மாவோடு ஊருக்குப் போனான். ரிசார்ட் கொண்டுவராத மகனை அந்தக் கால் கொண்டுவந்தது என்று அக்காவே ஒருமுறை சொன்னார், வருத்தமும் சந்தோஷமும் கலந்த ஒரு குரலில். பின்பக்க அறைகளுக்கு அவன் நீல பெயிண்ட் அடித்தான், ஒரு போர்டு வைத்தான், இன்டர்நெட்டில் படங்கள் போட்டான். அவன் கெட்டிக்காரன். பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நாள் பூராவும் பார்த்தாலும் தீராது என்பான். அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மீன் அறுக்கும் அக்கா, தன்னிடம் கேட்காதவரை பேசாமல் இருப்பார். சிலர் அவரிடமும் கேட்டுவிடுவார்கள். உடனே உள்ளேயிருந்து, "அம்மா!" என்று சதீஷின் குரல் வரும். எந்த நாளும் அது பலித்ததில்லை.

கொரோனாவோடு என் டிராவல்ஸ் மூடிப்போயிற்று. கடனையெல்லாம் ஒழுங்கு செய்துகொண்டு குடும்பத்தோடு சென்னைக்குப் போவது என்று முடிவானது. சொல்லிக்கொள்வதற்காக லாங் ஐலண்டுக்குப் போனேன். அக்கா இளைத்திருந்தார், முடி நிறைய நரைத்திருந்தது. கட்டைக்கால் சுவரில் சாய்ந்திருந்தது. அது கடிக்கிறது, வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொள்வதில்லை என்றார்.

பழைய கதையெல்லாம் பேசினோம். போட் நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது கேட்டார்.

"திரும்ப வருவீகளா தம்பி?"

வருவேன் அக்கா, வராமல் எங்கே போகப்போகிறேன் என்றுதான் முதலில் வாயில் வந்தது. பொதுவாக எல்லோரும் சொல்வது அதுதான்.

"வர மாட்டேன்னுதான் தோணுதுக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அறுத்துக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. அப்ப உக்காந்து சாப்பிட்டுட்டே போங்க. போட் இன்னைக்கு நேரத்துக்கு வராது."

உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு எப்படி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நன்றாக இருந்தது.